எடைச்சீட்டும் நிலப் பத்திரமும்

ஃப்ளோரிடாவின் டாலஹாசியிலிருந்து 20-ஆம் எண் மாநிலச் சாலையில் மேற்கே போனால் ஒரு மணி நேரத்தில் பிரிஸ்டல். ஊரைத் தாண்டியதும் அப்பலச்சிகோலா ஆறு, அதன் மேல் நீண்ட பாலம். இக்கரையில் மணி பத்தே கால் என்றால் அக்கரையில் ஒன்பதே கால். அமெரிக்காவின் கிழக்கு நேரமும் மத்திய நேரமும் இங்கே இந்த ஆற்றில்தான் பிரிகின்றன. ஒரு கரையில் வீடும் மறு கரையில் வேலையுமாக இருப்பவர்கள் தினமும் இரண்டு கடிகாரங்களை மனதில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள்.

2023 மார்ச்சில் ஒரு வாரம் டாலஹாசியில் என் தம்பி மகள் வீட்டில் தங்கியிருந்தேன். கடற்கரைக்குப் போகலாம் என்றாள். நான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கல்ஹூன் கவுண்டிக்குப் போக வேண்டும் என்றேன். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. இந்தக் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 13,648 பேர். தலைநகர் பிளன்ட்ஸ்டவுன்; ஒரு கடைத்தெருவோடு முடிந்துவிடும் ஊர். பார்க்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். விழுந்த மரங்கள் என்று சொன்னேன்.

2018 அக்டோபர் 10-ஆம் தேதி நடுப்பகலில் மைக்கேல் புயல் மெக்சிகோ பீச் அருகே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 160 மைல். 1992-இல் வந்த ஆண்ட்ரூவுக்குப் பிறகு அமெரிக்க நிலப்பரப்பில் ஐந்தாம் நிலை வலிமையோடு கரையேறிய முதல் புயல் அதுதான். கடற்கரை நகரங்கள் நொறுங்கியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனால் புயல் கரையோடு நிற்கவில்லை. கல்ஹூன், ஜாக்சன் கவுண்டிகளைக் கிழித்துக்கொண்டு, மூன்றாம் நிலை வலிமையோடு ஜார்ஜியா மாநிலத்துக்குள் நுழைந்தது. அந்த வழி முழுக்கப் பைன் காடு.

நம் ஊர் சவுக்குத் தோப்பைப் போல வரிசை பிடித்து நட்டு வளர்க்கும் காடு அது. பதினைந்து வயதில் இடை வெட்டு. அது காகிதக் கூழுக்குப் போகும். மிச்ச மரத்தை இருபத்தைந்து, முப்பது வயது வரை நிறுத்தினால் பலகை மரம். பெண்ணின் கல்யாணத்துக்கும் பையனின் படிப்புக்கும் நாம் நகைச்சீட்டு கட்டுவதைப் போல, இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நாற்பது ஏக்கர், எண்பது ஏக்கர் என்று பைன் வைத்திருக்கின்றன. அது ஒரே பிற்பகலில் போனது. ஃப்ளோரிடா வனத்துறை போட்ட கணக்கில் 28 லட்சம் ஏக்கர் காடு சேதம். மரத்தின் மதிப்பு ஏறக்குறைய 130 கோடி டாலர். விழுந்த மரம் 7 கோடியே 20 லட்சம் டன். லாரியில் ஏற்றினால் 25 லட்சம் லாரி.

பாலத்தைத் தாண்டி இரண்டு மைல் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். சாலையின் இடப்பக்கம் முழங்கால் உயரப் பைன் கன்றுகள், பச்சைப் பசேலென்று. வலப்பக்கத்தில் யாரும் கைவைக்காத நிலம். அங்கே மரங்கள் வேரோடு சாயவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே, கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் முறிந்து, மொட்டைக் கம்பங்களாக நின்றன. முறிந்த முனைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாலரை வருடம் கழித்தும் காற்று போன வழி தெரிந்தது. என் தம்பி மகள் அதன்பிறகு கடற்கரையைப் பற்றிப் பேசவில்லை.

பிளன்ட்ஸ்டவுனுக்கு வெளியே மரம் வெட்டும் தொழில் செய்யும் ஒருவரைப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அறுபதைத் தாண்டியவர். அப்பா காலத்திலிருந்து இதே தொழில். வாசலில் வந்து கைகொடுத்து, "வாங்க சார், உள்ளே வாங்க மேம்" என்றார். அமெரிக்காவின் தெற்கில் நம்மைப் போலவே வாய்க்கு வாய் சார், மேம் போட்டுத்தான் பேசுகிறார்கள்.

கொட்டகையில் மூன்று இயந்திரங்கள். மரத்தைப் பிடித்து அடியில் அறுக்கும் ஃபெல்லர் பஞ்சர், அறுத்ததை இழுத்து வரும் ஸ்கிடர், லாரியில் ஏற்றும் லோடர். புதிதாக வாங்கினால் மூன்றும் சேர்ந்து பத்து லட்சம் டாலரை எட்டும் என்றார். எல்லாம் கடன். மாதத் தவணை புயலுக்காக நிற்காது.

"அன்றைக்கு ராத்திரி காற்று ஓய்ந்ததும் மரம் அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். என் வீட்டிலிருந்து பெரிய ரோடு ஒன்றரை மைல். வெட்டி வெட்டிப் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. ஆம்புலன்ஸ் வரணுமே. அதுக்கு யாரும் பில் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஓட்டம் தொடங்கியது. பைன் மரம் விழுந்தால் உடனே வண்டு ஏறும். வண்டோடு பூஞ்சையும் வரும். வெயில் காலமாக இருந்தால் சில வாரங்களிலேயே மரத்தின் உள்ளே நீலக் கறை பரவிவிடும். கறை ஏறிய மரம் நல்ல பலகைக்கு ஆகாது. இன்னும் சில மாதம் கிடந்தால் காகிதக் கூழுக்கும் ஆகாது. அதற்குள் எடுக்க வேண்டும். ஆனால் பின்னிக் கிடக்கும் மரத்தை எடுப்பது நிற்கும் மரத்தை வெட்டுவதைப் போன்றதல்ல. வளைந்து மாட்டிக்கொண்ட மரம் வில் மாதிரி. ஒரு பக்கம் அறுத்தால் மறுபக்கம் ஆளை அடிக்கும். ஒரு நாளில் பத்து லோடு எடுத்த ஆட்கள் நாலு லோடு எடுக்கத் திணறினார்கள் என்றார்.

எடுத்த மரத்தையும் வாங்க ஆளில்லை. ஒரே நேரத்தில் எல்லாக் காட்டிலிருந்தும் மரம் வந்தால் மில் எவ்வளவுதான் வாங்கும்? களம் நிரம்பியதும் ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் வாரத்துக்கு இத்தனை லோடு என்று கோட்டா போட்டார்கள். விலை சரிந்தது. "சும்மா எடுத்துக்கொண்டு போனால் போதும், நிலம் சுத்தமானால் சரி என்று நிலக்காரர்களே சொன்னார்கள். கண்ணீரோடு சொன்னார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பாதி வேலையைச் செய்தேன்" என்றார்.

பேச்சின் நடுவே எழுந்து போய் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சீட்டுகள். மில் வாசலில் லாரியை எடை போட்டதும் கொடுக்கும் எடைச்சீட்டு. தேதி, லாரி எண், மொத்த எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை, யார் நிலத்து மரம் என்ற விவரம். 2018 நவம்பர், டிசம்பர் கட்டு மட்டும் செங்கல் தடிமனுக்கு இருந்தது. 2019 கோடைக்குப் பிறகு கட்டு மெலிகிறது. பிறகு ஒரு கட்டில் வெறும் ஒன்பது சீட்டு. அள்ளக்கூடிய மரம் தீர்ந்துவிட்டது. வெட்டுவதற்கு நிற்கும் மரமும் இல்லை.

"நிலக்காரரிடம் பத்திரம் இருக்கு. என்னிடம் இருப்பது இது மட்டும்தான்" என்று பெட்டியை என் முன்னால் நகர்த்தினார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது. பேரிடர் உதவி என்பது பொருளின் இழப்புக்குக் கொடுப்பது. பொருள் யாருடையதோ பணம் அவருக்கு. மரம் வெட்டுபவருக்குச் சொந்தமாக ஒரு மரம்கூடக் கிடையாது. அவர் இழந்தது அடுத்த இருபது வருடத்து வேலையை. அந்த இழப்பை எழுத எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.

ஒரே ஒரு முறை அவர்களுக்கென்று ஒரு திட்டம் வந்தது. அது புயலுக்காக வந்ததல்ல, கொரோனாவுக்காக. மரம் வெட்டுபவர்களுக்கும் மர லாரிக்காரர்களுக்கும் சேர்த்து நாடு முழுமைக்கும் 20 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். 2021 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை விண்ணப்பம். 2019-ஐவிட 2020-இல் மொத்த வருமானம் பத்து சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். முதல் தவணையாக அதிகபட்சம் 2,000 டாலர். பாக்கி, எல்லா விண்ணப்பமும் வந்த பிறகு. உச்சவரம்பு 1,25,000 டாலர். திட்டம் நல்ல திட்டம். நிலம் இல்லாதவரின் இழப்பும் இழப்புதான் என்று அரசாங்கம் ஏட்டில் எழுதியது பெரிய விஷயம். ஆனால் இந்தக் கவுண்டியில் 2019 என்பதே இயல்பான வருடம் அல்ல. ஏற்கெனவே குழியில் கிடந்தவரிடம் போன வருடத்தைவிட எவ்வளவு இறங்கினாய் என்று கேட்டால் அவர் எதைச் சொல்வார்?

மதியத்துக்கு மேல் 71-ஆம் எண் சாலையில் வடக்கே ஆல்த்தா வழியாக மரியானாவுக்குப் போனோம். ஜாக்சன் கவுண்டியின் தலைநகர் அது. இங்கே காடு விலகி வயல் விரிகிறது. பருத்தியும் நிலக்கடலையும். புயல் வந்தது அறுவடை நேரத்தில். வெடித்த பருத்தியைக் காற்று காயிலிருந்து உருவிக்கொண்டு போனது. விவசாயிகளின் இழப்பும் சிறிதல்ல. ஆனாலும் அவர்களுக்குப் பயிர்க் காப்பீடு இருந்தது; அடுத்த வருடம் விதைக்க நிலம் இருந்தது. நிற்கும் காட்டு மரத்தை மத்திய அரசின் பயிர்க் காப்பீடு தொடுவதில்லை. மரங்களுக்கான உதவித் திட்டம் ஒன்று உண்டு. அது பழ மரத்துக்கும் நாற்றுப் பண்ணைக்கும்தான், பலகைக்கும் கூழுக்கும் வளர்ப்பதை அது சேர்க்காது.

விவசாயிக்கு இங்கே அரசாங்கம் என்றால் வாஷிங்டன் அல்ல, மரியானாவில் இருக்கும் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி அலுவலகம்தான். ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண், வானிலிருந்து எடுத்த படத்தில் எல்லை போட்ட புலப்படம், அதில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். மேலே, விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு. அக்கம்பக்கத்தார் தேர்ந்தெடுத்த குழு உட்கார்ந்து முடிவு செய்வதால் பொய்க் கணக்கு எளிதில் நிற்காது. இந்த அமைப்பைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது.

குறை இருப்பது அந்த அலுவலகத்தில் அல்ல, அதற்கு மேலே. புயல் அடித்துப் பத்து வாரத்தில், 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள், வரவுசெலவு ஒப்புதல் இல்லாமல் மத்திய அரசின் பல துறைகள் முடங்கின. இந்த அலுவலகங்களும் சில வாரம் பூட்டிக் கிடந்தன. பேரிடர் உதவிச் சட்டம் நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் இழுபட்டது. வேறொரு புயலில் சிக்கியிருந்த போர்ட்டோ ரிக்கோ தீவுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் சண்டை. கடைசியில் மே மாதம் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகும், அவை விடுமுறையில் இருந்ததால், ஓர் உறுப்பினர் எழுந்து மறுத்தாலே போதும் என்ற விதியால் மேலும் தள்ளிப்போனது. 2019 ஜூன் 6-ஆம் தேதிதான் கையெழுத்தானது. புயலுக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஏறக்குறைய எட்டு மாதம். பயிர் இழப்புக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது செப்டம்பர் 11. மரத்துக்கென்று மாநில அரசு வழியாக வந்த ஏறக்குறைய 38 கோடி டாலர், நிலக்காரர்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் புயலுக்கு இரண்டு வருடம் நிறைந்துவிட்டது. இழந்த மரத்தின் மதிப்பில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆற்றுப் பாலத்தில் பார்த்த இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அழுகும் மரத்தின் கடிகாரத்துக்கும் அரசாங்கத்தின் கடிகாரத்துக்கும் நடுவே வருடங்கள் கிடந்தன.

மரியானாவுக்குக் கிழக்கே ஒரு மண் சாலையின் முடிவில் வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவரைச் சந்தித்தோம். அவருடைய தாத்தா வாங்கிய நிலம். உயில் எழுதாமல் தாத்தா போனார், அப்பாவும் போனார். இப்போது பங்காளிகள் டெட்ராய்ட்டிலும் அட்லாண்டாவிலும் இருக்கிறார்கள். சிலரை இவர் பார்த்ததுகூட இல்லை. வரி கட்டுவது இவர், வேலி அடைப்பது இவர். பத்திரத்தில் இருப்பதோ தாத்தா பெயர். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா என்ன பாடு படுத்தும் என்று நமக்குத் தெரியும். அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் குடும்பங்களில் இப்படிப்பட்ட நிலம் நிறைய. வக்கீலிடமும் நீதிமன்றத்திடமும் போக அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. உயில் எழுதப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்திரம் தெளிவாக இல்லையென்றால் பண்ணை எண் கிடைக்காது. எண் இல்லையென்றால் எந்த உதவியும் இல்லை. 2018 டிசம்பரில் வந்த விவசாயச் சட்டம் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. கூட்டு உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் ஒத்துக்கொண்ட உடன்படிக்கை, ஐந்து வருட வருமான வரிக் கணக்கு போன்றவற்றைக் காட்டினாலும் எண் தரலாம் என்றது. "அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னது சர்ச்சில் ஒரு பெண். கையெழுத்து வாங்க ஒரு வருடம் போன் செய்தேன்" என்றார் அந்த அம்மாள்.

எண் கிடைத்த பிறகும் ஒரு மேடு இருந்தது. விழுந்த மரத்தை அகற்றி மறுபடி கன்று நடுவதற்கு அவசரக் காடு மீட்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. செலவில் முக்கால் பங்கு வரை அரசு தரும். ஆனால் முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலுக்கு முன் வேலை தொடங்கினால் பணம் இல்லை. ஒப்புதல் வந்ததும் கைக்காசைப் போட்டு வேலையை முடித்து, ரசீது காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். கையில் காசு உள்ளவருக்கு இது உதவி. இல்லாதவருக்கு இது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோறு. அந்த அம்மாளின் நிலத்தில் பாதிதான் சுத்தமாகியிருந்தது. மீதியில் முறிந்த மரங்களுக்கு நடுவே முள்ளும் புதரும் ஆள் உயரத்துக்கு நின்றன.

அப்படி அப்புறப்படுத்தாமல் விட்ட மரம் என்ன செய்யும் என்பதைத் தெற்கே போனபோது பார்த்தோம். மறுநாள் வீவாஹிட்ச்கா வழியாகக் கடற்கரைக்குப் போகும் வழியில், கரிந்த அடிமரங்கள் மைல் கணக்கில் நின்றன. 2022 மார்ச்சில் பெர்த்தா ஸ்வாம்ப் ரோடு தீ பற்றிய நிலம் அது. மைக்கேல் சாய்த்துவிட்டுப் போன மரம் மூன்றரை வருடம் காய்ந்து விறகாகி, கல்ஹூன், கல்ஃப், பே கவுண்டிகளில் 33,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. காலத்தில் அகற்றக் கொடுக்காத பணத்தைத் தீயணைக்கச் செலவழித்தார்கள். அதே வருடம் ஜூனில், 1931 முதல் ஓடிக்கொண்டிருந்த பனாமா சிட்டி காகித மில் மூடப்பட்டது. சுமார் 450 பேருக்கு வேலை போனது. மூடியதற்குப் புயல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பழைய மில்லில் புதிதாகப் பணம் போட வேண்டியிருந்தது என்று நிர்வாகம் சொன்னது. ஆனால் செருப்புப் பெட்டிக்காரருக்கு அது, மரம் விற்க ஒரு வாசல் குறைந்த செய்தி. இனி லாரி அதிக தூரம் போக வேண்டும். டீசல் அவருடையது.

நிலம் வைத்திருப்பவருக்கு ஊரார் வரிப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. நியாயமான கேள்விதான். தொழில் என்றால் நட்டமும் சேர்ந்தது என்பார்கள். ஆனால் முப்பது வருடப் பயிரின் நட்டத்தை ஒரு மனித ஆயுளுக்குள் ஈடுகட்ட முடியாது. திரும்ப நடவில்லை என்றால் அந்த நிலம் தீக்கு இரையாகும், இல்லை மனைக்கட்டாகும். அந்தக் காட்டில் வேலை செய்து பிழைத்த ஊர் காலியாகும். உதவியை நான் குறை சொல்லவில்லை. அது பத்திரத்தை மட்டுமே பார்த்து வருகிறது, மரம் அழுகிய பிறகு வருகிறது. இந்த இரண்டையும்தான் குறை சொல்கிறேன்.

இரண்டையும் மாற்ற முடியும். ஒவ்வொரு புயலுக்கும் புதிதாகச் சட்டம் போட்டுக்கொண்டிருக்காமல், காட்டு மரத்துக்கு நிரந்தரமாக ஒரு திட்டம் வேண்டும். மரம் பலகைக்கு ஆகும் காலத்துக்குள், அதாவது முதல் சில வாரங்களுக்குள், அகற்றும் செலவில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். விழுந்த மரத்தை மில்லுக்குக் கொண்டுபோகிற லாரிக்கு லோடு கணக்கில் கூலி கொடுத்தால், நிலக்காரருக்கும் வெட்டுபவருக்கும் ஒரே நேரத்தில் கை கொடுத்ததாகும். அதற்குத் தேவையான ஆதாரம் புதிதாக எதுவும் இல்லை. தேதியும் எடையும் நிலத்தின் பெயரும் அந்தச் சீட்டிலேயே இருக்கின்றன.

முதல் நாள் விடைபெறும்போது அந்தச் செருப்புப் பெட்டிக்காரர், பக்கத்து நிலத்தில் 2021 குளிர்காலத்தில் நட்ட கன்றுகளைக் காட்டினார். நட்டவர் வேறொருவர், மரமும் அவருக்குச் சொந்தம். முதல் இடை வெட்டு 2036 வாக்கில் வரும். செருப்புப் பெட்டிக்காரரின் மகன் அப்போது வேறு மாநிலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கன்று மரமாகும்போது அதை வெட்ட இந்த ஊரில் ஆள் இருக்க வேண்டும் என்றால், அவனைப் போன்றவர்களை அதுவரை நிறுத்தி வைப்பதும் நிவாரணத்தின் வேலைதான்.